ஒழுகாத கண்ணாடிக் கூரை கேட்ட மகளுக்கு

அருமை மகளே,

உன் கடிதம் கிடைத்தது. மைசூரில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் தட்டையான தளம் போட்டு ஓர் அறை கட்டப்போவதாகவும், அதன் கூரையில் வடக்கு பார்த்துக் கண்ணாடி வைக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். கடைசியில், "அப்பா, மழைக்கு ஒழுகாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அவளா உங்களைக் கேக்கறா? ஒழுகறது எப்படின்னு கேட்டிருந்தா நீங்க நல்லா எழுதுவீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நம் கூரையை ஒழுகாமல் நிறுத்தியவள் நீ. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவன். ஆனாலும் கேட்டுவிட்டாய். எனக்கும் கண் முன்னைப் போல் இல்லை; போட்டோ பிளேட்டில் ஒரு புருவத்தைத் திருத்த உட்கார்ந்தால் ஜன்னலோரம் போக வேண்டியிருக்கிறது. எழுத முடிகிறபோதே எழுதிவிடுகிறேன். நீ செய்ததை நான் பார்த்தபடி எழுதப்போகிறேன். வேலை செய்கிறபோது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

முதலில் இந்த ஜோகுபாளையத்து வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தில் நீ வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தால் அங்கேயும் இதையேதான் கட்டப்போகிறாய். முன்வீடு மங்களூர் ஓடு போட்டது. அதன் பின்சுவரை ஒட்டி, வீட்டுக்காரம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது ஒரு நீள அறையைக் கட்டி, அதற்குத் தட்டையாகத் தளம் போட்டார். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அடித்துப் போட்ட தளம். குறை சொல்ல முடியாத வேலை. நான் போட்டோ பிடிக்கும் தொழிலை இங்கே தொடங்கியபோது அந்த அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு, அந்தத் தளத்தின் நடுவே ஒரு பெரிய சதுரத்தை வெட்டி, மரச்சட்டம் வைத்து வடக்கே சாய்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வடக்கு வெளிச்சம் மேலிருந்து மெதுவாக முகத்தில் இறங்க வேண்டும். நம்மிடம் இருந்த விளக்குகளை எல்லாம் ஏற்றினாலும் அந்த வெளிச்சம் வராது. வந்த சங்கடம் எல்லாம் அந்தச் சதுரத்தோடு வந்ததுதான். ஓட்டு வீடு தானாக ஒழுகவில்லை. தளமும் தானாக ஒழுகவில்லை. ஒன்று இன்னொன்றைத் தொடும் இடங்கள் ஒழுகின. ஓட்டுச் சரிவின் தண்ணீர் தளத்தில் வந்து கொட்டும் இடம், தளம் சுவரைச் சந்திக்கும் மூலை, கண்ணாடிச் சட்டம் தளத்தில் உட்காரும் விளிம்பு. உன் படத்தில் இந்த இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒழுகலுக்கு நம் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அது வந்த கதை உனக்கு மனப்பாடம். ஆனால் உன் வீட்டுக்காரருக்கு நீ இதைப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும், அவருக்காகச் சொல்கிறேன். உன் அம்மா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. அந்த வருஷம் முதல் மழை பிடித்துக்கொண்டது. பால் ஊற்ற வந்த கெம்பம்மா நடையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா, நிம்ம மனெ சோர்தா இதெ" என்றாள். வீடு ஒழுகுகிறது என்று சொல்கிறாள். உன் அம்மா காதில் விழுந்தது சோறு மட்டும். பாவம், மழையில் நனைந்து வந்தவள் பசிக்குதென்று கேட்கிறாள் என்று நினைத்து, இலை நறுக்கைப் போட்டுச் சோறும் முருங்கைக்காய்க் குழம்புமாகப் பரிமாறிவிட்டாள். கெம்பம்மாவும் முதலில் முழித்தாள், பிறகு கைகழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டபின் மேலே கையைக் காட்டி, திரும்பவும் "சோர்தா இதெ" என்றாள். உன் அம்மா இன்னொரு கரண்டி போட்டாள். அன்றிலிருந்து நம் வீட்டில் ஒழுகலுக்குச் சோறு என்று பெயர். மழை வந்தால், "எந்த மூலையில சோறு?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரங்களைக் கொண்டுபோய் வைப்போம். "இன்னிக்குச் சோறு இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று உன் அம்மா வாய்விட்டுச் சொல்லி, வந்திருந்த போதகர் ஐயா பதறிப்போய் அரிசி மூட்டை அனுப்பி வைத்ததும் உண்டு.

பாத்திரம் வைப்பதைத் தவிர நாங்கள் செய்தது ஒன்றுதான். வெயில் ஏறும் மாதத்தில் சட்டத்தைச் சுற்றித் தார் காய்ச்சிப் பூசுவோம். எங்கே இடுக்குத் தெரிந்தாலும் அடைப்போம். கண்ணாடியின் கீழ் விளிம்பில் மெல்லிய இடைவெளிகள் இருந்தன, அவற்றையும் லப்பம் வைத்து அடைத்தோம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒழுகல் ஒரு வருஷம் குறையும், மறு வருஷம் இரண்டு பங்காக வரும்.

அந்த அறை எனக்கு வெறும் ஸ்டூடியோ. உனக்கு அது வேறு. பதினைந்து பதினாறு வயதிலேயே காமிராவுக்குப் பின்னால் நின்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் நீ வெளியே வர மாட்டாய். ஒரு நாள் பிளாக்பள்ளிப் பேட்டையிலிருந்து திரை போட்ட ஜட்காவில் ஒரு குடும்பம் வந்து, ஆண் பிடிப்பதாக இருந்தால் வேண்டாம் என்று திரும்பப் பார்த்தது. நீ வாசலுக்குப் போய், "நான் பிடிக்கிறேன்மா, அப்பா தெருமுனைக்குப் போயிடுவார்" என்று சொல்லிவிட்டாய். என்னைக் கேட்கவும் இல்லை. நான் தெருமுனையில் வெற்றிலைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று நீ பிடித்த படத்தை இரவல் வாங்கியாவது இன்னொரு தரம் பார்க்க எனக்கு ஆசை. அந்தப் பெண் காமிராவைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அத்தனை வருஷம் பிடித்த படங்களில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கு மேடையில் நிற்பதுபோல் நிற்பார்கள். உன் படத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு பிற்பகல் வேளை பெண்களுக்கென்று ஆயிற்று. பக்கச் சந்து வழியாக வருவார்கள். கதவைச் சாத்திக்கொள்வீர்கள். உன் அம்மா கூடமாட இருப்பாள். அல்சூரிலிருந்தும் பட்டாளம் இருக்கும் தண்டுப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். முன்னறையில் தெருவைப் பார்த்துக்கொண்டு அவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள். ஆகவே பின்னறைக் கண்ணாடி இருக்கிற வரையில்தான் உனக்குத் தொழில்.

அந்தக் கண்ணாடிக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு அடுத்த தெருவில் இன்னொரு வீடு இருந்தது. அங்கேயும் இதேபோல் தட்டைத் தளம். எங்கோ ஒழுகி, யாரும் கவனிக்காமல், தேக்குச் சட்டத்தின் நுனி சுவருக்குள்ளேயே உளுத்துப்போய், ஒரு பகலில் தளத்தில் ஒரு பகுதி கட்டிலின் மேல் இறங்கிவிட்டது. கட்டிலில் தூங்கிய குழந்தையை அப்போதுதான் வெளியே தூக்கிப் போயிருந்தார்கள். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தார். வெள்ளைச் சேலை முழுக்கச் செங்கல் தூசி. அறைக்குள் வந்து, கூரையில் பழுப்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கோபக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். அன்று அவர் கோபமாக இல்லை, பயந்திருந்தார்.

"இதபாருப்பா, உன்னோட சண்டை போட வரலை. இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே உழுந்துதுன்னு தெரிஞ்சா கண்ணாடியைப் பேத்துட்டுச் சட்டம் போட்டு மூடிடுவேன். பொம்பளைப் புள்ளைங்க வந்து உக்கார்ற எடம். என் தலையில பாவம் ஏறக் கூடாது."

நான் சரியென்று தலையாட்டினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீதான் கேட்டாய், "மழை முடியறவரைக்கும் ஒழுகலைன்னா?" என்று. அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒழுகலைன்னா நான் ஏன் மூடப் போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று மாலையே கண்ணாடி இல்லாமல் எப்படிப் பிழைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். எனக்கு ஆண்கள் வருவார்கள், முற்றத்தில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளலாம். நீ அந்த யோசனைக்கே வரவில்லை. காமிராவைத் தூக்கிக் கூரையைப் பார்த்து மல்லாத்தி வைத்தாய்.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. கோடை மழை ஒவ்வொன்று பெய்து முடிந்ததும் கூரையைப் படம் பிடித்தாய். உன் அம்மா, "மனுஷங்களைப் பிடிக்கிற பிளேட்டைப் போட்டு ஈரத்தைப் பிடிக்கறியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீ அந்தப் படங்களை வரிசையாகக் கயிற்றில் மாட்டி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். சொட்டு விழுவது வடக்கு மூலையில். நாங்கள் அத்தனை வருஷமும் தார் பூசியதும் அந்த மூலையில். ஆனால் படங்களில் ஈரம் தொடங்குவது தெற்கு விளிம்பில். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது சட்டத்தை ஒட்டியே மெல்ல நகர்ந்து வந்து, வடக்கு மூலையில் கனத்துச் சொட்டுகிறது. "தண்ணி நுழையற இடம் வேற, விழுற இடம் வேற அப்பா" என்றாய். நானும் படம் பிடிக்கிறவன்தான். தலைக்கு மேலே இருப்பதைப் படம் பிடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. அன்று எனக்கு வந்த பெருமையில் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

அத்தோடு விட்டாயா? மேலே ஏறினாய். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் குடத்தில் எடுத்துக்கொண்டு, முதலில் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் ஊற்றினாய். நான் கீழே அண்ணாந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. காத்திருந்து, கொஞ்சம் மேலே ஊற்றினாய். அப்போதும் இல்லை. இதை உன் கொத்தனாரிடம் கட்டாயம் சொல்: கீழிருந்துதான் மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் உயரத்தில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடும், எது ஓட்டை என்று தெரியாது. தெற்கு விளிம்புக்கு நீ வந்தபோது எனக்கு மேலே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் கெம்பம்மா எருமையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

காரணம் அப்போது விளங்கியது. தளம் தெற்கிலிருந்து வடக்கே சாய்ந்து, தண்ணீர் வெளியேறும் தூம்பை நோக்கிப் போகிறது. ஓட்டுச் சரிவின் தண்ணீர் முழுவதும் தெற்கில் கொட்டுகிறது. நடுவில் நம் கண்ணாடிச் சட்டம் குறுக்கே படுத்த மாடாகக் கிடக்கிறது. தண்ணீர் அதன் முதுகில் முட்டித் தேங்குகிறது. சட்டத்தைச் சுற்றி எழுப்பிய செங்கல் கட்டோ இரண்டு விரல் உயரம். அதில் அடித்த துத்தநாகத் தகட்டின் மேல் விளிம்பு அந்தக் கட்டின் சுவரோடு சும்மா ஒட்டி நின்றது. தேங்கிய தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது.

தகரக்கார சாயபுவையும் ஒரு கொத்தனாரையும் அழைத்து வந்தேன். சாயபு நல்ல கைகாரர், ஆனால் தன் வேலையில் யாரும் வாய் வைத்தால் பிடிக்காது. நீங்கள் இருவரும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டது. அந்தச் செங்கல் கட்டை ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றச் சொன்னாய், கொத்தனார் ஏற்றினார். அதன் முதுகுப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஆட்டு முதுகுபோல் ஒரு மேடு வைத்து, வருகிற தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடும்படி செய்யச் சொன்னாய். அதையும் கொத்தனார் செய்தார். தகட்டைச் சுவரில் ஒட்டாமல், செங்கல் இடுக்கைக் கீறி உள்ளே மடித்துச் செருகச் சொன்னாய். அதன் மேல் இன்னொரு தகடு, மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறுவதுபோல் ஏற வேண்டும் என்றாய். சாயபு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஓட்டின் நுனியில் தகரப் பீலி கட்டித் தண்ணீரைத் தளத்தில் விடாமல் பக்கச் சந்தில் இறக்கினார். சண்டை வந்தது கண்ணாடியின் கீழ் விளிம்பில். நாங்கள் அடைத்து வைத்திருந்த இடைவெளிகளை நீ சுரண்டித் திறந்தாய்.

"க்யா பாப்பா, ஓட்டையை நீயே தொறந்து வுடறே? தண்ணி வராதா?"

"அது தண்ணி வர்றதுக்கு இல்ல பாய், போறதுக்கு. மேலே எவ்வளவு அடைச்சாலும் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வந்தது போறதுக்கு வழி வேணாமா?"

சாயபு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்தார். பிறகு, தானே ஒரு சின்ன ஆணியை எடுத்து, நீ சரியாகத் திறக்காத ஓர் இடைவெளியைச் சுத்தமாகக் குடைந்துவிட்டார். அதற்குப் பிறகு வேறு வீடுகளில் அவர் கண்ணாடி போட்டதைப் பார்த்திருக்கிறேன், கீழ் விளிம்பு திறந்தே இருக்கும்.

வேலை முடிந்ததும் நீ ஒரு காரியம் செய்தாய், அப்போது எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. நீலப் பொடியைச் சின்னச் சின்னத் துணியில் முடிந்து, தகடுகளுக்குப் பின்னாலும் சட்டத்தின் இடுக்குகளிலும், எங்கெங்கே தண்ணீர் போகவே கூடாதோ அங்கெல்லாம் செருகிவிட்டாய். உன் அம்மா வெளுப்புக்கு நீலத்தைத் தேடியபோது, "கூரைக்குப் போட்டிருக்கேன்" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் பாத்திரங்களோடு தயாராக நின்றோம், பாத்திரங்கள் காலியாகவே திரும்பின. நீ மட்டும் சந்தோஷப்படவில்லை. "ஐப்பசி தாண்டட்டும்" என்றாய். ஐப்பசியில் ஒரு பிற்பகல், வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. அன்று உள்ளே ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய அத்தைமார் சித்திமாரும் நிறைந்திருந்தார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியாயிற்று. நான் வழக்கம்போல் வெளியே. வெற்றிலைக் கடைக்குப் போக முடியாத மழை, ஆகவே கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரம்மா வந்தார். அவருக்குத் தடை ஏது? கதவைத் தட்டி உள்ளே போனார். "சும்மா உக்காந்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று அவர் சொன்னது கேட்டது. மழை ஓட்டின் மேல் இரைந்தது. உள்ளே நீ, "கொஞ்சம் இப்படித் திரும்பிக்கோம்மா, அத்தையைப் பாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய். திடீரென்று உன் அம்மாவின் குரல், பழக்க தோஷத்தில், உச்சியில்:

"சோறு! சோறு!"

வேறு யாராக இருந்தாலும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரம்மா மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். அவருக்குக் கன்னடம் நம் தமிழைவிடச் சரளம். "எங்கே சோர்து?" என்று அவர் எழுந்தது நாற்காலி நகர்ந்த சத்தத்தில் தெரிந்தது. "என் தோள் மேலேயே உழுந்திருக்கு பாரு" என்றார். நான் முக்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கதவில் கை வைத்தேன். அந்நிய ஆண் பார்க்கக் கூடாத கோஷாப் பெண்கள் உள்ளே இருக்கிறார்களே என்று கையை எடுத்துக்கொண்டேன். மகளே, போயிற்று என்றுதான் நினைத்தேன். உன் குரல் உடைந்து கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அம்மா, அந்த எடத்தைத் தொடைக்காதீங்க" என்றாய். குரலில் நடுக்கம் இல்லை. "என்ன நெறம்னு பாருங்க."

"தண்ணிக்கு என்னடி நெறம்?"

"மேலே இடுக்குலெல்லாம் நீலம் முடிஞ்சு வெச்சிருக்கேன். மழைத் தண்ணி உள்ளே நுழைஞ்சிருந்தா உங்க வெள்ளைச் சேலையில நீலம் புடிச்சிருக்கும்."

"நீலமா இல்லியே."

"இல்லதானே?"

"அப்ப இது எங்கேருந்து வந்த தண்ணி?"

"நம்ம மூச்சும்மா. இத்தனை பேர் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கோம். மேலே மழை பட்டுக் கண்ணாடி சில்லுன்னு கெடக்கு. உள்பக்கம் வேர்க்குது. பானை மூடியைத் தூக்கினாச் சொட்டுமே, அது ஒழுகலா?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. யார் சொன்னதையும் அப்படியே நம்புகிற ஆள் இல்லை அவர், அதனால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு. பெண்களைத் திரைக்குப் பின்னால் போகச் சொன்னார், கதவையும் ஜன்னலையும் திறக்கச் செய்தார். கம்பில் துணி சுற்றிக் கண்ணாடியை நீ துடைத்தாய். என்னை முன்னறைக்குத் துரத்தினார்கள். அவர் கண்ணாடிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழைக்கு அடியில் மழை ஓய்கிறவரை உட்கார்ந்திருந்தாராம். ஒரு சொட்டு விழவில்லை. போகும்போது முன்னறையில் நின்று என்னிடம் சொன்னார்: "உன் பொண்ணு கண்ணாடியை இனி நான் தொட மாட்டேன். ஆனா சுவர்ல மேலே ஒரு சின்ன ஜன்னல் வெச்சுக்குடு. பாவம், புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது." குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நீ உள்ளே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அந்தக் கல்யாணப் பெண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தாய். துணிக்குள் நீ அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். எனக்கு இன்றுவரை நீ சொன்னதில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். கட்டு ஒரு சாணுக்குக் குறையக் கூடாது. தகட்டைச் செங்கலுக்குள் செருகு. தளம் சுவரைத் தொடும் மூலையைக் கூராக விடாமல் சுண்ணாம்பால் உருட்டி விடச் சொல், கூரான மூலைதான் முதலில் வெடிக்கும். தூம்பின் வாயில் புங்க இலை அடையாமல் ஒரு கம்பி வலை. கீழ் விளிம்பைக் கொத்தனாரோ வேறு யாரோ அடைக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்து. சட்டத்தின் உள்பக்க அடியில் தகட்டால் ஒரு சிறு வாய்க்கால் வைத்துவிடு, வேர்த்து வடிவதை அது ஏந்திக்கொள்ளும். மேலே திறக்கிற ஜன்னல் ஒன்று, அந்த அம்மா சொன்னதுபோல். இதில் நான் புதிதாகச் சொன்னது எதுவும் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் பாடத்தை உனக்கே ஒப்பிக்கிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு பக்கச் சந்து வழியாக யாரும் வருவதில்லை. கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம், "அவள் மைசூர் போயிட்டா" என்று உன் அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். ஆண்கள் வருகிறார்கள், கதவைத் திறந்து போட்டு ஒவ்வொருவராகப் பிடித்து அனுப்புகிறேன். போன வாரம் இங்கே பெரிய மழை. நான் தனியாகப் போய்க் கண்ணாடிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெளியே தண்ணீர் ஆறாக ஓடுகிறது, உள்பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஒரு துளி இல்லை. அத்தனை நன்றாகச் செய்திருக்கிறாய். ஒரு சொட்டு என் மேல் விழாதா என்று நான் அங்கேயே நின்றிருந்தேன்.

உன் புது அறையைச் சீக்கிரம் கட்டு. மைசூர்ப் பெண்கள் எல்லாரும் வரட்டும், கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும், சிரிக்கட்டும். வெளியிலிருந்து ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வர வேண்டாம். உன் கண்ணாடி எப்போதும் உள்ளிருந்து வேர்க்கட்டும்.

உன் அப்பா